ஸ்டாம்ப் அக்கா

முதல் போன் வந்தபோது நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். தெரியாத எண். ஓர் இளைஞனின் குரல், அதற்குப் பின்னால் வண்டிகளின் ஹாரன் சத்தம்.

"அக்கா, ஸ்டாம்ப் இருக்குன்னு போட்டிருந்தீங்களே, இருக்காக்கா?"

எனக்குச் சந்தோஷத்தில் கரண்டி கை நழுவியது. இத்தனை வருடங்களில் இந்த ஊரிலிருந்து ஒருவர்கூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

"இருக்கு தம்பி. எந்த நாடு வேணும்?"

அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

"எந்த நாடா இருந்தாலும் ஓகேக்கா. ஐட்டம் நல்லா இருக்கணும், அவ்ளோதான்."

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு ரெண்டு ஓரம் பிஞ்சு கெடக்கும், அதை நான் யாருக்கும் குடுக்கிறதில்ல."

"எவ்ளோக்கா?"

"துட்டெல்லாம் வேணாம்ப்பா. உங்ககிட்ட இருக்கிறதக் கொண்டாங்க, எங்கிட்ட இருக்கிறதத் தர்றேன். மாத்திக்கலாம்."

அவன் "ரூமுக்குப் போயிட்டுக் கூப்பிடுறோம்க்கா" என்று வைத்துவிட்டான். அன்று சாப்பிடும்போது மகளிடம் பெருமையாகச் சொன்னேன், உன் புண்ணியத்தில் ஆள் கிடைத்துவிட்டார்கள் என்று. சாப்பிட்டு முடித்ததும், இரட்டையாக இருந்த ஸ்டாம்புகளைத் தனியே எடுத்து ஒரு கவரில் போட்டு வைத்தேன். அவர்கள் வந்தால் உடனே காட்டுவதற்கு.

நாங்கள் செண்பகனூரில் இருக்கிறோம். மெயின் ரோட்டிலிருந்து படிகள் இறங்கும் ஒரு சந்தில், கடைசிக்கு முந்தின வீடு. கணவர் ஜீப் ஓட்டுகிறார், சுற்றுலா வருபவர்களை மேல்மலைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் வருவார். நான் ஒரு சின்னப் பள்ளியில் யு.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். மகள் அப்போது பிளஸ் டூ போகவிருந்தாள். நான் பிறந்தது மேல்மலையில் பூண்டு போடும் குடும்பத்தில். கல்யாணத்துக்கு முன்னால் கொடைக்கானலில் ஒரு விடுதியின் வரவேற்பில் வேலை பார்த்தேன். வெளிநாட்டுக்காரர்கள் கிளம்பும்போது தங்கள் போஸ்ட்கார்டுகளை என்னிடம் கொடுத்து, தபாலில் சேர்க்கச் சொல்வார்கள். அதில் டென்மார்க்கிலிருந்து வந்த ஓர் அம்மாள் ஊருக்குப் போய் எனக்கே ஒரு அட்டை போட்டார். ஒரு கலங்கரை விளக்கம், அதைச் சுற்றிச் சாம்பல் நிறக் கடல். பின்பக்கம் மூன்றே வரி. என் பெயர் அவ்வளவு தூரம் போய்த் திரும்பி வந்திருக்கிறது என்பதை நம்ப முடியாமல் அந்த அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

நெட் உள்ள போன் கைக்கு வந்த பிறகு இப்படி அட்டை பெறுவது சுலபமாகிவிட்டது. போஸ்ட்கார்டு மாற்றிக்கொள்கிறவர்களுக்கென்று நெட்டில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே பதிந்துகொண்டால் உலகத்தில் எங்கேயோ இருக்கும் முகம் தெரியாத ஒருவரின் முகவரி தருவார்கள். நாம் அவருக்கு ஓர் அட்டை போட வேண்டும். பதிலுக்கு முகம் தெரியாத வேறொருவர் நமக்குப் போடுவார். ஒவ்வோர் அட்டையிலும் நாட்டைக் குறிக்கும் இரண்டெழுத்தும் ஓர் எண்ணும் எழுதியிருக்கும். பின்லாந்து, சிலி, தைவான், போர்ச்சுகல் என்று எனக்கு வந்துகொண்டே இருந்தது. மதுரையைத் தாண்டிப் போகாதவள் நான். அட்டைகளைச் செருப்புப் பெட்டிகளில் நாடுவாரியாக அடுக்குவேன். ஒரே நாட்டிலிருந்து நிறைய வந்தால், ஸ்டாம்பு இருக்கும் மூலையை மட்டும் வெட்டித் தண்ணீரில் ஊறவைத்து, ஸ்டாம்பை உரித்துக் காயவைத்து ஆல்பத்தில் வைப்பேன்.

என் பிறந்தநாளுக்கு மகள் கொடுத்த பரிசுதான் அந்தப் பக்கம். போனில் ஒரு பக்கம் திறந்து, என் ஆல்பத்தைப் படம் பிடித்துப் போட்டு, மேலே "கொடை ஸ்டாம்ப்ஸ். எல்லா நாடும் உண்டு. மாற்றிக்கொள்ள அழைக்கவும்" என்று எழுதி, என் எண்ணையும் செண்பகனூர் என்பதையும் போட்டிருந்தாள்.

அது மே மாதம், சீசன். ஊர் முழுக்க வெளியூர் வண்டிகள். போன்கள் வரிசையாக வர ஆரம்பித்தன. சிலர் மலையாளத்தில், சிலர் இங்கிலீஷில். எல்லோருமே குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். எனக்கு அது விசித்திரமாகப் பட்டாலும், பழக்கமில்லாத பெண்ணிடம் பேசும் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். எப்படிக்கா உங்களுக்கு வருது என்று ஒருவன் கேட்டான். தபாலில்தான் வரும், நெதர்லாந்திலிருந்து நிறைய வரும் என்று சொன்னேன். "செம்மக்கா" என்றான்.

ஒரு சாயங்காலம் கணவர் வேலை முடிந்து வந்து, வாசல் குழாயில் கைகால் கழுவிக்கொண்டிருந்தார். அப்போதும் ஒருவன் கூப்பிட்டான்.

"நாக்குல வச்சா எவ்ளோ நேரம்க்கா நிக்கும்?"

"நாக்குலயெல்லாம் வைக்காதீங்க தம்பி. லேசாத் தண்ணி தொட்டு ஒட்டுங்க, நல்லா நிக்கும்."

கணவர் ஈரக் கையோடு உள்ளே வந்து போனை என்னிடமிருந்து பிடுங்கினார். காதில் வைத்துக் கேட்டார். அணைத்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"யாரு அது?"

"ஸ்டாம்ப் கேக்குறாங்க."

"ஸ்டாம்ப்னா என்னான்னு தெரியுமா ஒனக்கு?"

"தபால்தலை."

"அது ஒனக்கு. இவய்ங்களுக்கு அது போதை. வண்டியில ஏறுற பயலுக பேசிக்கிருவாய்ங்க, நான் கேட்டிருக்கேன். ஸ்டாம்பு கணக்காச் சின்னதா வெட்டுன தாளு. மருந்துல நனைச்சு வச்சிருப்பாய்ங்க. நாக்குல வச்சா அன்னைக்குப் பூரா ஆளு இந்த லோகத்துல இருக்க மாட்டான். கையில வச்சிருந்தாலே உள்ள தூக்கிப் போட்டுருவாங்க, வருசக்கணக்கா."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொருவனிடமும் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் திரும்பக் காதில் விழுந்தது. இருக்கு தம்பி. எந்த நாடு வேணும். தபால்ல வரும். நெதர்லாந்து நிறைய இருக்கு.

மகள் அழுதுகொண்டே அந்தப் பக்கத்தை அழித்தாள். அழித்து என்ன பயன்? யாரோ அதைப் படமெடுத்து வைத்து, கைமாற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போன் வருவது நிற்கவில்லை. எண்ணை மாற்றிவிடலாம் என்றேன். பள்ளிப் பெற்றோர் எல்லோரிடமும் இருக்கும் எண் இதுதான், சீசன் முடியட்டும், பள்ளி திறக்கும்போது மாற்றலாம் என்றார் கணவர். போனில் சத்தத்தை மட்டும் நிறுத்தி அரிசி டின்னின் மேல் வைத்தேன். அது மேலே கிடந்து அதிரும்போதெல்லாம் டின் மூடியும் சேர்ந்து நடுங்கும்.

அந்த வாரத்திலேயே அவர்கள் வீட்டுக்கே வந்தார்கள்.

கணவர் வெள்ளனே கிளம்பி மன்னவனூருக்குச் சவாரி போயிருந்தார். மத்தியானத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கி, எதிர்வீட்டுச் சுவர்கூடத் தெரியவில்லை. மகள் உள் அறையில் படித்துக்கொண்டிருந்தாள். கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் தபால்காரர் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன்.

இரண்டு பேர். இருபது, இருபத்தொன்று வயது இருக்கும். ஒருவன் உயரம், மற்றவன் கண்ணாடி போட்டிருந்தான். கண்ணாடிக்காரன் ஜெர்கினுக்குள் ஒடுங்கி நடுங்கிக்கொண்டிருந்தான். உயரமானவன் வெறும் பனியன் சட்டைதான் போட்டிருந்தான். அந்தக் குளிரிலும் அவன் நெற்றியில் வேர்வை.

"ஸ்டாம்ப் அக்கா நீங்கதானே?"

"யாரு சொன்னா?"

"மேல கடையில கேட்டோம். ஸ்டாம்ப் சேக்குற டீச்சர் வீடுன்னு சொல்லிக் கைகாட்டுனாங்க."

இந்தத் தெருவில் எல்லோருக்கும் என்னை அப்படித்தான் தெரியும். இத்தனை நாள் அது எனக்குப் பெருமையாக இருந்தது.

"தம்பி, நீங்க நெனைக்கிறது எங்கிட்ட இல்ல. எங்கிட்ட இருக்கிறது தபால்ல ஒட்டுற ஸ்டாம்ப். தப்பா வந்துட்டீங்க. போயிருங்க."

"நடிக்காதீங்கக்கா. போட்டோவே பாத்துட்டோம்" என்றான் உயரமானவன். அவன் கண்ணின் கருமணி அகலமாக விரிந்திருந்தது. என்னைப் பார்த்தான், ஆனால் எனக்குப் பின்னால் இருக்கும் எதையோ பார்ப்பதுபோல இருந்தது.

ஆல்பத்தைக் கண்ணால் பார்த்தால் புரிந்துகொண்டு போய்விடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. எடுக்கத் திரும்பினேன். அவன் எனக்குப் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டான். அதே நேரத்தில் உள் அறையின் தாழ்ப்பாள் விழும் சத்தம். மகள் பயந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் அந்தப் பக்கம் திரும்பினான்.

"உள்ள யாரு?"

"எங்க வீட்டுக்காரர். தூங்குறாரு."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. நகர்ந்து போய் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டேன். முதுகில் கதவு லேசாக அதிர்ந்தது. மறுபக்கம் என் பெண் சாய்ந்து நிற்கிறாள் என்று தெரிந்தது.

ஆல்பம் மேசைமேல்தான் இருந்தது. அவனே எடுத்தான். பக்கம் பக்கமாகப் புரட்டினான். ஹங்கேரி பக்கத்தில் நிறுத்தினான். அதில் வண்ணத்துப்பூச்சி ஸ்டாம்புகள் வரிசையாக இருக்கும். ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்தான். நான் "தம்பி, வேணாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் நாக்கை நீட்டி அதன்மேல் வைத்துக்கொண்டான். வாயை மூடினான். சுவரில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்தான்.

வாசலில் நின்ற கண்ணாடிக்காரன், "டேய், அது நெஜமாவே ஸ்டாம்ப்டா. துப்புடா" என்றான்.

"பேசாத. வருது."

திறந்த கதவு வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பார்க்கப் பார்க்க அந்த முகம் மாறியது. உதடு கோணியது. எதிர்ச் சுவரில் எதையோ பின்தொடர்ந்து கண்கள் ஓடின. "றெக்கை அடிக்குது" என்றான். பிறகு, "நெறைய வருது. டேய், மூஞ்சியில வந்து விழுதுடா" என்று இரண்டு கைகளாலும் முகத்தை அடித்துக்கொள்ள ஆரம்பித்தான். அப்படி ஓர் அலறலை நான் அதுவரை கேட்டதில்லை. எழுந்து, மேசையை இடித்துத் தள்ளிவிட்டு வெளியே ஓடினான். கண்ணாடிக்காரன் அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினான். படிகளில் காலடிச் சத்தம் மேலே போய், பனிக்குள் அடங்கிவிட்டது.

கதவைப் பூட்டினேன். பூட்டியதை மறுபடியும் இழுத்துப் பார்த்தேன். உள் அறைக்குப் போய், மகளைக் கட்டிக்கொண்டு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். கையில் தேங்காய் கீறும் கத்தி. அதை எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. ஜீப் சத்தம் கேட்கும்வரை நாங்கள் எழவில்லை.

கணவர் எல்லாவற்றையும் கேட்டார். "அவய்ங்க மட்டும் என் கையில சிக்கியிருந்தா…" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நாமளே ஸ்டேசனுக்குப் போய்ச் சொல்லிருவோங்க" என்றேன்.

"விடியட்டும். கேட்டுக்கிட்டுச் செய்வோம். வயசுப்பிள்ள இருக்கிற வீடு."

காலையில் அவருக்குத் தெரிந்த ஒருவரிடம் யோசனை கேட்கப் போனார். அவர் திரும்புவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. துணி துவைத்துக்கொண்டிருந்தேன். சாதாரண உடையில் இரண்டு ஆண்கள், சீருடையில் ஒரு பெண் காவலர். பக்கத்து வீட்டுச் சுவர்களுக்கு மேல் தலைகள் முளைத்தன. வந்தவர்களில் எஸ்.ஐ. என்று சொன்னவருக்கு என் வயதுதான் இருக்கும். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை. அவர் மிகவும் மெதுவாகப் பேசினார்.

"நேத்து சாயங்காலம் பெருமாள்மலை பக்கம் ரெண்டு பசங்களப் பிடிச்சோம்மா. ஒருத்தன் ஆஸ்பத்திரியில கெடக்கான், நெனவு சரியா இல்ல. அவன் போன்ல உங்க நம்பர் ஸ்டாம்ப் அக்கான்னு இருக்கு. எங்கடா தின்னேன்னு கேட்டா, ஒரு அக்கா வீட்டுல ஆல்பத்துல இருந்து எடுத்துத் தின்னேங்கிறான்."

அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை.

நடந்ததைச் சொன்னேன். கோவையாகச் சொல்லவில்லை, முன்னும் பின்னுமாக உளறினேன். அவர்கள் ஆல்பங்களையும் செருப்புப் பெட்டிகளையும் என் போனையும் ஒரு சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டார்கள். என்னையும் வரச் சொன்னார்கள். படிகளில் ஏறும்போது பெண் காவலர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அது தாங்குவதற்காகவா, ஓடிவிடாமல் இருப்பதற்காகவா என்று அப்போது புரியவில்லை. என்னிடம் படிக்கும் குழந்தை ஒன்று மேல் வீட்டு வாசலில் நின்று "மிஸ், குட்மார்னிங்" என்றது. அதன் அம்மா அதை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

ஸ்டேஷனில் என் அட்டைகளை மேசைமேல் கொட்டினார்கள். அவ்வளவு நிறங்களை அந்த அறையில் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது. எஸ்.ஐ. ஒன்றை எடுத்தார்.

"நெதர்லாந்துல யாரைத் தெரியும்?"

"யாரையும் தெரியாது சார்."

"கொலம்பியாவுல?"

"தெரியாது சார்."

"தெரியாதவங்க எதுக்கும்மா ஒங்களுக்கு அட்டை போடுறாங்க?"

பதில் இருந்தது. ஆனால் அந்த அறையில் அதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று பட்டது. "சும்மா சார்" என்றேன்.

"சும்மா." அவர் அட்டையைத் திருப்பி, எழுத்துக் கூட்டிப் படித்துத் தமிழில் சொன்னார். "இன்னைக்கு இங்க மழை. என் பூனை ஜன்னல்ல உக்காந்து மழையப் பாக்குது. இவ்ளோதான் எழுதியிருக்கு. இதச் சொல்றதுக்கு இவ்ளோ செலவு பண்ணித் தபால் அனுப்புவாங்களா? இந்த நம்பர் என்ன?"

எண் எதற்கென்று விளக்கினேன். விளக்க விளக்க அது எனக்கே கள்ளக் குறியீடு போலத்தான் கேட்டது. முன்பின் தெரியாத ஊர், முன்பின் தெரியாத ஆள், ஒரு பூனை, ஓர் எண்.

கடைசியாக அவர் கேட்டதுதான் என்னை உடைத்தது.

"நீங்க நல்லவங்களாவே இருக்கட்டும்மா. ஒங்களுக்குத் தெரியாம, இத்தனையில ஒண்ணுல அந்த மாதிரி வந்திருக்கலாம் இல்லையா? வரலைன்னு உங்களால உறுதியாச் சொல்ல முடியுமா?"

முடியவில்லை. அந்தப் பையனின் முகம் கண்ணெதிரே மாறியதை நான் பார்த்தேன். ஸ்டாம்பை வைத்த கொஞ்ச நேரத்தில்தான் அது நடந்தது. றெக்கை அடிக்குது என்று சொன்னானே. ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒருவர் அனுப்பும் அட்டைகள் எப்போதும் ஏதோ வாசனையடிக்கும். இன்னொருவர் ஸ்டாம்புக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன வண்ணத் தாள்களை ஒட்டி அனுப்புவார், நான் அவற்றையும் ஆசையாக உரித்து வைத்துக்கொள்வேன். ஸ்டாம்புகளை நான் எதில் ஊறவைத்தேன்? இடியாப்ப மாவு பிசையும் அதே சட்டியில். என் பெண் அதே சட்டியில் சோறு பிசைந்து தின்றிருக்கிறாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி, எனக்கு அட்டை போட்ட அத்தனை பேரையும் நான் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டேன். டென்மார்க் அம்மாளையும் விடவில்லை.

சாயங்காலம் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊரைவிட்டுப் போகக் கூடாது, கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொன்னார்கள். ஆல்பங்கள் சோதனைக்குப் போகும். கணவர் வெளியே மரத்தடியில் காலையிலிருந்து நின்றிருந்தார். எதுவும் சாப்பிடவில்லை என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. ஜீப்பில் ஏறியதும், "அந்தச் சட்டியத் தூக்கிப் போட்டுருங்க" என்றுதான் முதலில் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அதற்குப் பிறகான நாட்களை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மெயின் ரோட்டில் எந்த வண்டி வேகம் குறைந்தாலும் என் கை நின்றுவிடும். குக்கர் விசில் அடித்தால் உடம்பு தூக்கிப் போடும். பள்ளியின் தாளாளர் நல்ல மாதிரி. பள்ளி திறக்கும் நேரத்தில் வீட்டுக்கே வந்து, டீ குடித்துவிட்டு, "கொஞ்ச நாள் லீவுல இருங்க டீச்சர், அடங்கட்டும்" என்றார். மகள் பேச்சையே குறைத்துக்கொண்டாள். எல்லாம் தன்னால்தான் என்று ஒருநாள் விம்மினாள். இல்லை என்று சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியாது.

முகம் தெரியாத அந்த ஜனங்களுக்கு இங்கே நடந்தது எதுவும் தெரியாதே. அவர்கள் பாட்டுக்கு அட்டைகள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தபால்காரர் வழக்கம்போல வந்து, "டீச்சர், ஜப்பான்" என்று கேட்டிலிருந்தே குரல் கொடுத்தார்.

"எனக்கு வேணாங்க. திருப்பிக் கொண்டுபோயிருங்க."

"உங்க பேருக்கு வந்தத நான் எங்கம்மா கொண்டுபோறது?"

சுவர்மேல் வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். அன்றிலிருந்து அவர் அட்டையைச் சுவர்மேல் வைத்து, மேலே ஒரு கல்லும் வைத்துவிட்டுப் போவார். பனியில் அது ஊறிக் கிடக்கும். சாயங்காலம் கணவர் அடுப்பு இடுக்கியால் அதை எடுத்து, விறகு போடும் கொட்டகையில் ஒரு டப்பாவுக்குள் போடுவார். அவருக்குப் பயம் எதுவும் கிடையாது. நான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்பதற்காகத்தான் இடுக்கியால் எடுத்தார்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். கணவரோடு போனேன். எஸ்.ஐ. உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதே எனக்கு அச்சமாக இருந்தது.

"ஒங்க ஆல்பத்துல ஒண்ணும் இல்லைம்மா. வெறும் தாளும் பசையும்தான். அந்தப் பையன் மலை ஏறுறதுக்கு முன்னாடியே எங்கேயோ வாங்கி, அன்னைக்கு மத்தியானம் போட்டிருக்கான். அது தலைக்கேறுற நேரத்துலதான் ஒங்க வீட்டுக்கு வந்திருக்கான். கண்ணாடி போட்ட பையன் எல்லாத்தையும் வெவரமாச் சொல்லிட்டான். ஒங்க மேல ஒண்ணும் இல்ல."

நான் அழுவேன் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை. "அந்தப் பையன் எப்படி இருக்கான் சார்?" என்று கேட்டேன்.

"தேறிட்டான். கேஸ் இருக்கு. அவங்கப்பா வந்து கூடவே இருக்காரு. பாவம், மனுசன் தலை நிமிரல."

போனை என் கையில் கொடுத்தார்கள்; ஆல்பங்கள் இருந்த சாக்கைக் கணவர் தூக்கிக்கொண்டார். வெளியே வரும்போது அந்தப் பெண் காவலர் எங்களைத் தாண்டிப் போனார். "வாங்க டீச்சர்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். பள்ளிக்குத் திரும்பினேன். புது எண் வாங்கினேன். பழைய எண்ணை விட்டுவிட மனமில்லாமல், மகள் அதைத் தன் பழைய போனில் போட்டு மேசையில் வைத்திருந்தாள். பயம் மட்டும் போகவில்லை. சாக்கு கட்டிலுக்கு அடியில் அவிழ்க்கப்படாமலே கிடந்தது. பெருக்கும்போது துடைப்பம் அதில் பட்டால்கூடச் சட்டென்று இழுத்துக்கொள்வேன். அது வெறும் தாளும் பசையும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தொட முடியவில்லை.

ஒரு விடுமுறை நாளில் மகள் அந்தப் பழைய போனை என்னிடம் நீட்டினாள். "ம்மா, இதக் கேளேன். பயப்படாத." ஒரு வாய்ஸ் மெசேஜ். பெண் குரல், நல்ல சத்தமான குரல்.

"ஏங்க, நான் ஆடலூர்ல இருந்து பேசுறேன். எத்தன மாசமா அடிக்கிறேன், எடுக்கவே மாட்டேங்கிறீங்க. நான் ஒண்ணும் கடன் கேட்டு வரலைங்க. எங்க அண்ணன் கப்பல்ல வேல பாத்தவரு. ஊரு ஊருக்கு எறங்கி எனக்குக் கார்டு போட்டிருக்காரு. பெட்டி நெறையக் கெடக்கு. நீங்க மாத்திக்கிருவீங்கன்னு எம்மக காட்டுனா. வெரசா ஒரு பதிலச் சொல்லுங்க."

வேண்டாம் என்றேன். மகள் வற்புறுத்தவில்லை. ஆனால் அன்று முழுக்க அந்தக் குரல் காதிலேயே இருந்தது. சாயங்காலம் கணவர், "நான் கூட்டிட்டுப் போறேன். வாசல்லயே நிக்கிறேன். வண்டிய அணைக்கக்கூட மாட்டேன்" என்றார்.

போனோம். பெருமாள்மலையில் திரும்பி, பண்ணைக்காடு, தாண்டிக்குடி வழியாக. வளைவுக்கு வளைவு, திரும்பிவிடலாமா என்று கேட்க வாய் வரை வந்தது. காபித் தோட்டத்துக்கு நடுவில் ஓட்டு வீடு. வாசலில் மிளகு காயப் போட்டிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு என்னைவிடக் கொஞ்சம் வயது அதிகம். இடுப்பில் சொருகிய முந்தானையோடு வந்து, "உள்ள வாங்க, ஏன் அப்படி நடுங்குறீங்க, குளிருதா?" என்றார். கணவர் சொன்னபடியே ஜீப்பை அணைக்கவில்லை. அதன் உறுமல் உள்ளே கேட்டுக்கொண்டே இருந்தது.

அவர் தகரப் பெட்டியைத் திறந்தார். டர்பன், சாந்தோஸ், ரோட்டர்டாம். துறைமுகங்கள். ஒவ்வொன்றிலும் தமிழில், பெரிய பெரிய எழுத்தில், "தங்கச்சி, நல்லா இருக்கேன்" என்று எழுதியிருந்தது. அண்ணன் இப்போது தூத்துக்குடியில் இருக்கிறார் என்றும், கடலைப் பார்க்காமல் தூக்கம் வராதாம் என்றும் சொல்லிச் சிரித்தார்.

"எடுத்துப் பாருங்க."

நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு நடந்ததைச் சொன்னேன். முதல் போனிலிருந்து எஸ்.ஐ. சொன்னது வரை, குடும்பத்துக்கு வெளியே ஒருவரிடம் முதல்முறையாக. நான் முடித்ததும் எழுந்து போய், இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தார்.

"எனக்கா இருந்தா எல்லாத்தையும் அடுப்புல போட்டிருப்பேன்" என்றார். "நீங்க வந்திருக்கீங்களே."

காபியைக் குடித்தேன். சூடு நெஞ்சுக்குள் இறங்கியது. சாந்தோஸ் அட்டையின் ஓரத்தை ஒரு விரலால் தொட்டேன். பிறகு எடுத்தேன். கீழே வைக்கவில்லை. ஸ்டாம்பில் ஒரு பறவை, அலகு மட்டும் மஞ்சள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வெளியே ஜீப் சத்தம் நின்றுபோனது. தூக்கிவாரிப் போட்டு வாசலைப் பார்த்தேன். கணவர் தோட்டத்து ஆளோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. "ஒண்ணும் வாங்கிட்டு வரலையா?" என்று கணவர் கேட்டார்.

"இன்னைக்கு வேணாம்னுட்டேன். நம்ம வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். அவங்க வர்றதுக்குள்ள அந்தச் சாக்க அவுக்கணும். நீங்க பக்கத்துல இருங்க."

அவர் தலையாட்டிவிட்டு, வளைவில் ஹாரன் அடித்தார்.